‘டேங்’ சத்தத்துக்குப் பிறகு

அன்பு மருமகளுக்கு,

ஊர் ஊராகப் போய் எடுக்கப்போகும் பாட்டுப் போட்டிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆனால் பாடுவதற்கு இல்லை, தொகுத்து வழங்குவதற்கு என்று உன் அம்மா போனில் சொன்னாள். ‘இத்தனை வருஷம் சாதகம் பண்ணினது அடுத்த ஆளைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடவா?’ என்று நீ அழுதாயாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் ‘போ’ என்றும் சொல்லப்போவதில்லை, ‘போகாதே’ என்றும் சொல்லப்போவதில்லை. பாடகராக மேடையேறி, தொகுப்பாளராக ஒரு தேசத்துக்கே சொந்தக்காரர் ஆகிப்போன ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவை நீயே எடு.

அவர் பெயர் சோங் ஹே. தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரும் ‘ஜொன்குக் நோரே ஜராங்’ என்ற நாடு தழுவிய பாட்டுப் போட்டியை 1988 மே மாதம் ஏற்றார். 2022 ஜூன் 8 அன்று 95 வயதில் இறக்கும்போதும் அந்த நிகழ்ச்சிக்கு அவர்தான் தொகுப்பாளர். முப்பத்து நான்கு ஆண்டுகள். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், உலகிலேயே வயது முதிர்ந்த தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டித் தொகுப்பாளர் என்று கின்னஸ் சான்றிதழ் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார். அந்த மைக்கைக் கையில் வாங்கும்போது அவருக்கு வயது 61. நம் ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் பேப்பர் படிக்கிற வயது. இருபத்து நான்கு வயதில் ‘என் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது’ என்று நீ அழுவதைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த எண்தான்.

நிகழ்ச்சி அவருக்கு முன்பே, 1980 நவம்பரில் தொடங்கிவிட்டது. அமைப்பு மிக எளிமை. ஒரு நகரம் அல்லது ஒரு வட்டாரம். திறந்த வெளியில் மேடை, பின்னால் நேரடி இசைக்குழு, முன்னால் ஊர் மொத்தமும். முதற்கட்டத் தேர்வில் நூற்றுக்கணக்கானவர்கள் பாடி, அதில் கொஞ்சம் பேர் மேடைக்கு வருவார்கள். மீன் விற்கும் அம்மா, ஆப்பிள் தோட்டக்காரர், பள்ளிக்கூடத்துப் பையன், சிப்பாய், தொண்ணூறு தாண்டிய பாட்டி. சோங் ஹே நிகழ்ச்சியின் பெயரில் முதல் பாதியை நீட்டி முழக்குவார், கூட்டம் மறுபாதியைக் கத்தி முடிக்கும். அவ்வளவுதான் தொடக்கம். லேசர் விளக்கும் புகையும் கிடையாது.

அங்கே ஒரு மணி இருக்கிறது. பாட்டு தேறினால் மூன்று சுரமாக ‘டிங்-டாங்-டேங்’. தேறாவிட்டால் பாதிப் பாட்டிலேயே ஒற்றை ‘டேங்’. கொரியாவில் இந்த ஒற்றைச் சத்தம் எல்லா வீட்டிலும் தெரியும். பையன் பரீட்சையில் கோட்டைவிட்டாலும் ‘டேங்’, சொன்ன விடை தப்பானாலும் ‘டேங்’. மணியடிப்பது நடுவர்; ஆனால் மணியடித்த பிறகு மேடையில் மிச்சமிருப்பது இரண்டே பேர். தோற்றவர் ஒருவர், சோங் ஹே ஒருவர். ஊரார் முன்னால், சொந்தக்காரர்கள் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே வெட்டுப்பட்ட ஆளை என்ன செய்வது? அந்த மனிதர் முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்த வேலை இதுதான் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் இதற்குத் துணை.

அவர் ஆறுதல் சொல்லமாட்டார். ‘பரவாயில்லை, நன்றாகத்தான் பாடினீர்கள்’ என்ற வழக்கமான பொய் அவரிடம் கிடையாது. ‘என்ன தொழில், மாமியார் வந்திருக்கிறாரா, கூடையில் என்ன கொண்டுவந்தீர்கள்’ என்று பேச்சைத் தொடங்குவார். கூடையில் ஊர் விளைச்சல் இருக்கும். சிப்பி, கிம்ச்சி, முலாம்பழம், சில நேரம் மது. அங்கேயே வாயில் ஊட்டுவார்கள், அவரும் கேமரா முன்னால் மென்றுகொண்டே பேசுவார். ஆடச் சொன்னால் ஆடுவார். சின்னக் குழந்தை மேடையேறினால், இசைக்குழுத் தலைவரிடம் காசு வாங்கிக் குழந்தை கையில் கொடுப்பார். அந்தத் தலைவர் பர்ஸை எடுக்கிற முகபாவமே ஒரு வேடிக்கை. தோற்றவர் சிரித்துக்கொண்டு இறங்குவார். ‘டேங்’ வாங்காதவனுக்கு ‘டிங்-டாங்-டேங்’கின் அருமை தெரியாது என்ற பொருளில் அவர் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். வேறு யாராவது சொன்னால் மேடைப் பேச்சு என்று தள்ளிவிடலாம். அவர் வாங்கிய ‘டேங்’குகளைத் தெரிந்துகொண்டால் தள்ளத் தோன்றாது.

1927 ஏப்ரலில், இன்று வடகொரியாவில் இருக்கும் ஹ்வாங்ஹே மாகாணத்து ஜேரியோங்கில் பிறந்தார். நெல் வயல்களுக்குப் பெயர் போன சமவெளி அது. ஹேஜு நகரத்துக் கலைப் பள்ளியில் வாய்ப்பாட்டு படித்தார். 1950-இல் போர் வந்தது. ஆண்பிள்ளைகளைப் பிடித்துப்போவார்கள் என்று பயந்து, சில நாள் ஒளிந்திருந்துவிட்டு வருவதும் போவதுமாக இருந்தவர், ஒரு தடவை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை பத்திரமாக இரு என்று அம்மா சொன்னதாக வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் போகும் வழி அடைபட்டது. அகதிகளை ஏற்றிய கப்பலில் பூசானுக்கு வந்து சேர்ந்தார். கடல் என்று பொருள்படும் ‘ஹே’ அந்தப் பயணத்தில் அவர் தனக்கே வைத்துக்கொண்ட பெயர். அம்மாவை அதன்பின் பார்க்கவே இல்லை.

தென்கொரியப் படையில் தந்திப் பிரிவில் இருந்தார். 1953 ஜூலையில் போர்நிறுத்தச் செய்தியை மோர்ஸ் தந்தியில் அனுப்பியவர்களில் தானும் ஒருவன் என்று அவர் சொல்வதுண்டு. ஊருக்குப் போகும் வழியை நிரந்தரமாக மூடிய செய்தியைத் தன் விரலாலேயே தட்டி அனுப்பிய கொடுமையை நினைத்துப் பார். பாட்டிலோ படத்திலோ இப்படி எழுதினால் மிகை என்று சொல்லிவிடுவோம்.

1955-இல் ‘சாங்கொங்’ என்ற பயண நாடகக் குழுவில் பாடகராகச் சேர்ந்தார். அந்தக் காலத்துக் குழுக்களில் பாடகர் பாடிவிட்டு மட்டும் உட்கார முடியாது. திரை மாற்றும்போது கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும், கோமாளியாக வேண்டும், அடுத்த ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். நம்ம ஊர் நாடகக் கம்பெனிகளில் பபூனே பாடி, ஆடி, ஆர்மோனியத்துக்காரரை வம்புக்கு இழுப்பானே, அந்த வகை வேலை. தொகுப்பாளர் கலையை அவர் எங்கும் போய்ப் படிக்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கற்றுக்கொண்டார். பிறகு தொலைக்காட்சி நகைச்சுவை, வானொலி. வாகன ஓட்டிகளுக்கான வானொலி நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

அந்த நிகழ்ச்சியை அவர் விட்ட காரணம்தான் உனக்கு நான் சொல்லத் தயங்கும் பகுதி. 1986-இல், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகன், சியோல் நகரத்து ஹன்னம் பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு ‘பத்திரமாகப் போங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வார்த்தை அதன்பின் வாயில் வரவில்லை. வேலையை விட்டார். அந்தப் பாலத்தின் மேல் போவதையே நெடுங்காலம் தவிர்த்தார். அப்போதுதான் ஒரு தயாரிப்பாளர், காற்று வாங்க ஊர் சுற்றலாம் வாருங்கள் என்கிற மாதிரி இந்தப் பாட்டுப் போட்டிக்குக் கூப்பிட்டார். புகழுக்காகப் போகவில்லை அவர். வீட்டில் உட்கார முடியாமல் போனார்.

இதோடு நிறுத்தினால் நீ அவரைச் சாமியாக்கிவிடுவாய். கூடாது. மகன் பாடகனாக ஆசைப்பட்டான். அப்பா தடுத்தார், கிடாரையே உடைத்துவிட்டார். மேடைப் பிழைப்பின் பட்டினி தெரிந்த தகப்பன், தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஆனால் பையன் அப்பாவுக்குத் தெரியாமல் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பதிவு செய்து வைத்திருந்தான். யுன் ஜே-ஹோ இயக்கி 2021-இல் வந்த ‘சோங் ஹே 1927’ என்ற ஆவணப்படத்தில், முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அந்தக் கேசட்டை அவர் கேட்கிறார். ஊரில் யார் வந்து பாடினாலும் காது கொடுத்த மனிதர் தன் வீட்டுப் பாட்டைக் கேட்கவில்லை. இதை நான் அவர் மேல் குற்றமாக எழுதவில்லை. தோற்ற ஆளிடம் அவருக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்தக் கேசட்டைத் தாண்டி எனக்கு வேறு இடம் தேடத் தோன்றவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன்.

சோங் ஹே படப்பிடிப்பு நாளில் காரில் வந்து இறங்குகிற ஆள் இல்லை. முந்தின நாளே ஊருக்குப் போய்விடுவார். முதலில் அந்த ஊர்ப் பொதுக் குளியலறை. கொரியாவில் எல்லோரும் ஒன்றாகக் குளிக்கும் வழக்கம். உடுப்பில்லாத இடத்தில் பெரிய மனிதர் சின்ன மனிதர் கிடையாது. அங்கே ஊர்க்கதை கிடைக்கும். பிறகு சந்தை, சாப்பாட்டுக் கடை, இரண்டு கோப்பை சோஜு மது. மறுநாள் மேடையில் மீன்காரம்மா வந்து நின்றால், இந்த வருஷம் கணவாய் மீன் படவில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். எழுதிக் கொடுத்த அட்டையை வைத்து இதைச் செய்ய முடியாது. நம் சேனல்களில் தொகுப்பாளர் வருவதும் மேக்கப் போடுவதும் ‘உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?’ என்று கேட்பதும் நான் பார்க்கிறதுதான். எந்த ஊரில் கேட்டாலும் அதே கேள்வி, அதே தலையாட்டல்.

இன்னொன்று. ஓர் ஊரில் ஒத்திகை நேரத்தில் முன்வரிசை நாற்காலிகளை அதிகாரிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அவர் கோபப்பட்டு அவர்களைப் பின்னால் போகச் சொல்லியிருக்கிறார். அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் ஜனங்கள் விறைத்துக்கொண்டு சிரிக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்ன விஷயம் இது. நீ முதல் எபிசோடிலேயே கவுன்சிலரை எழுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை! ஆனால் முன்வரிசையில் யார் முகம் இருக்கிறது என்பதை, பாட வருகிறவர் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடு.

நீ படித்த பாட்டு வீணாகுமா என்பதற்கு வருகிறேன். பல்லவியை மேல் சுருதியில் எடுத்துவிட்டவன் சரணத்தில் மூச்சுக்குத் திண்டாடுவான் என்பது பாடத் தெரிந்தவருக்குத்தான் முதல் வரியிலேயே தெரியும். அடுத்து வரப்போகும் விழுதலுக்கு அவர் அரை நிமிஷம் முன்பே தயாராகிவிடலாம். பாடத் தெரியாத தொகுப்பாளர் மணிச் சத்தம் கேட்டுத்தான் விழித்துக்கொள்வார். சோங் ஹே பாடுவதையும் விட்டுவிடவில்லை. ‘ட்ராட்’ என்ற கொரியப் பாட்டு பாணியில் இசைத்தட்டுகள் வெளியிட்டார். 2011-இல், 84 வயதில், தன் பெயரில் தனி இசை நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் போட்டி மேடையில் அடுத்தவர் பாட்டுக்கு நடுவில் தன் குரலை நுழைத்துக் கைதட்டு வாங்குவதை வழக்கமாக்கவில்லை. இது உனக்குத்தான் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஒரு பெண் உனக்குப் பிடித்த ராகத்தைத் தவறாக இழுக்கும்போது உன் தொண்டை துடிக்கும். பாடிக் காட்டாதே. பாடிக் காட்டினால் அந்த நிமிஷத்திலிருந்து நீ நடுவர். அவள் பக்கத்தில் யாருமில்லை.

அந்த மேடையிலிருந்து நட்சத்திரங்களும் வந்தார்கள். நாட்டுப்புற இசைப் பாடகி சோங் சோ-ஹீ சிறுமியாக 2008 ஆண்டிறுதிப் போட்டியில் முதல் பரிசு வாங்கினவர். இன்று அரங்கங்களை நிரப்பும் இம் யங்-உங் 2016-இல் போச்சோன் நகரத்து மேடையில் பாடினார். செய்தித்தாள்கள் இவர்களைப் பற்றித்தான் எழுதும். உன் தயாரிப்பாளரும் ‘அடுத்த நட்சத்திரம்’ என்றுதான் பேசுவார். திறமைசாலி எப்படியும் ஒரு கதவைக் கண்டுபிடித்துவிடுவான். மற்றவர்களுக்கு வாழ்நாளில் கிடைக்கும் மேடை அந்த மூன்று நிமிஷம்தான், பேரன் பேத்திக்குப் போட்டுக் காட்டப்போகும் வீடியோவும் அதுதான்.

கொரியாவில் சில காலம் வேலை பார்த்த ஒரு நண்பர் மூலமாகத்தான் எனக்கு இவரைத் தெரியும். எழுபது வயதுப் பாட்டி முதல் பள்ளிக்கூடத்துச் சிறுமி வரை இவரை ‘ஓப்பா’, அதாவது அண்ணா என்றுதான் கூப்பிடுவார்களாம். அதில் கேலியும் உண்டு, உரிமையும் உண்டு. அந்த உரிமையை அவர் மேடைக்கு வெளியிலும் காப்பாற்றினார். சொந்தக் காரை நம்பாமல் பஸ், மெட்ரோ, நடை. சியோலில் வயதானவர்கள் பொழுதைக் கழிக்கும் தப்கோல் பூங்காவுக்குப் பக்கத்தில், நக்வொன் பகுதியில்தான் அவருடைய அலுவலகம். அங்கே மிகக் குறைந்த விலைக்குச் சூப்பும் சோறும் போடும் கடையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். 2016-இல் அந்தத் தெருவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2012-இல் ஒரு வங்கி தன் விளம்பரத்துக்கு எண்பத்தைந்து வயது மனிதரைப் பிடித்துப் போட்டபோது அது வேலை செய்ததற்கும் காரணம் அந்த மெட்ரோ ரயில்தான். ஜனங்கள் அவரை நேரில் பார்த்திருந்தார்கள்.

2003 ஆகஸ்டில் அந்தப் பாட்டுப் போட்டி பியோங்யாங்கின் மொரான்பொங் பூங்காவில் நடந்தது. வடகொரியத் தொகுப்பாளினி ஒருவரோடு சேர்ந்து நடத்தினார். ஜேரியோங் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான். போக முடியவில்லை. சொந்த ஊரில் மேடை போட்டு நிகழ்ச்சியின் பெயரைக் கூவித் தொடங்க வேண்டும் என்ற ஆசையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் நடக்கவில்லை. மனைவி 2018-இல் காலமானார். அவருடைய ஊரான தேகு, தல்சொங்கில்தான் இவரையும் அடக்கம் செய்தார்கள். பிறந்த ஊர் கிடைக்காதவருக்கு மனைவியின் ஊர் சொந்த ஊரானது. அங்கே அவர் பெயரில் ஒரு பூங்காவும் இருக்கிறது. அவர் இறந்த பிறகு அரசாங்கம் கலைக்கான உயரிய விருதான தங்கக் கிரீட விருதைக் கொடுத்தது.

கடைசிவரை நாற்காலியில் இருந்தது சரியா என்று நீ கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. 1994-இல் சில மாதம் வேறு ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் விடவில்லை, திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அதன்பின் அவருக்கு அடுத்து யார் என்று பேசவே நிறுவனத்துக்குத் துணிச்சல் வரவில்லை போலும். கொரோனாவால் 2020-இல் வெளியூர்ப் படப்பிடிப்பு நின்றது. 2022 மே மாதம் உடம்பு முடியாமல் விலகிக்கொள்ளும் எண்ணத்தை அவரே சொன்னார். ஜூன் தொடக்கத்தில் யொங்க்வாங்கில் மறுபடி மேடை போட்டபோது அவரால் போக முடியவில்லை. சில நாளில் இறந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் கிம் ஷின்-யங், நகைச்சுவை நடிகை. முப்பது வயதுகளில் இருந்தவர், அந்த நிகழ்ச்சியின் முதல் பெண் தொகுப்பாளர். 2022 அக்டோபரில் ஏறினார். 2024 மார்ச்சில் நிறுவனம் அவரை மாற்றி நாம் ஹீ-சொக்கைப் போட்டது. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் சண்டை போட்டும் முடிவு மாறவில்லை. பெண் என்பதால்தான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒருவருக்கு முப்பத்து நான்கு வருஷம் பொறுத்த நாற்காலி அடுத்தவருக்கு ஒன்றரை வருஷம்கூடப் பொறுக்கவில்லை. உனக்கும் அப்படி நடக்கலாம். அதனால் பாட்டு வகுப்பை விடாதே, காலைச் சாதகத்தைப் படப்பிடிப்பு நாளிலும் விடாதே.

ஒத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்கு. படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஊருக்குப் போகப் பயணச் செலவும், பாதுகாப்பான அறையும் அவர்கள் பொறுப்பு. முதற்கட்டத் தேர்வில் நீயும் உட்கார அனுமதி வேண்டும். கழித்துக்கட்டப்பட்டவர்களைப் பார்க்காமல் தேறினவர்களோடு பேசுவது எப்படி? மூன்றாவது, தோற்றவரோடு நீ பேசும் பகுதியை எடிட்டிங்கில் கிண்டல் சத்தம் போட்டு ஒட்டமாட்டோம் என்ற உறுதி. கடைசி விஷயத்துக்குச் சிரிப்பார்கள், ‘டிஆர்பி’ என்பார்கள். அதற்காகவாவது கேள், சிரிக்கிற விதத்திலேயே ஆட்கள் எப்படி என்று தெரிந்துவிடும். ஒப்பந்தக் காகிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு. உன் அத்தை வக்கீல் ஆபீசில் இருபது வருஷம் டைப் அடித்தவள், ஓட்டை எங்கே என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
மாமா